கேட்டதும் வாங்கியதும்

எங்கள் கடையில் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் சுவரில் ஓர் அட்டை தொங்கும். 501 பார் சோப் வந்த பெட்டியைப் பிரித்து, எழுத்தில்லாத உட்பக்கம் வெளியே தெரியும்படி வெட்டி, அப்பா ஆணியில் மாட்டியது. பக்கத்தில் சணலில் கட்டிய பென்சில். யாராவது ஒரு சரக்கைக் கேட்டு அது நம்மிடம் இல்லையென்றால் அதன் பெயரை அட்டையில் எழுதிவிட வேண்டும். இன்னொருவர் வந்து கேட்டால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கோடு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அந்தப் பென்சில் என் பொறுப்பு. அப்பாவுக்கு எழுத வராது என்பதில்லை. பேரேட்டில் அவர் எழுத்து முத்து முத்தாக இருக்கும். ஆனால் கை முழுக்க வெல்லப் பிசுக்கும் எண்ணெயுமாக இருக்கிற நேரத்தில் பென்சிலைத் தொடமாட்டார்.

கோவில்பட்டியில் எண்பதுகளின் கடைசியில் ஒரு பலசரக்குக் கடை எப்படி இருந்தது என்று இன்றைக்குப் பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்புவது கஷ்டம். முக்கால்வாசிச் சரக்குக்குப் பெயரே கிடையாது. பருப்பு, மல்லி, வத்தல், வெல்லம் எல்லாம் சாக்கில் இருக்கும். எண்ணெய் தகர டின்னில். உப்பு வாசலில் மூட்டையாக. ஆச்சிமார் வந்து "நல்லெண்ணெய் நூறு குடு", "சீனி கால் கிலோ" என்பார்கள். யார் செய்த எண்ணெய், எந்த ஊர்ச் சீனி என்று யாரும் கேட்டதில்லை. அண்ணாச்சி நல்லதுதான் கொடுப்பார் என்ற நம்பிக்கைதான் முத்திரை. பெயர் சொல்லிக் கேட்கும் சரக்கு சோப்பு, பேஸ்ட், பிஸ்கட், காபித்தூள், தீப்பெட்டி என்று ஒரு கைக்குள் அடங்கிவிடும்.

அந்தக் கடைக்குள் டிவி வந்த விதம் வேடிக்கையானது. எங்களிடம் டிவி கிடையாது. எதிர்வீட்டில்தான் இருந்தது. கொடைக்கானல் மலையில் ஒளிபரப்பு நிலையம் வந்த பிறகுதான் எங்கள் பக்கம் மெட்ராஸ் தூர்தர்ஷன் ஒழுங்காகத் தெரிந்தது. அதற்கு முன்னால் தென்னை உயரத்துக்கு ஆன்டெனா போட்டவர்கள் இலங்கையின் ரூபவாஹினியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை ராத்திரி ஒளியும் ஒலியும், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சினிமா. அந்த நேரத்தில் தெருவே எதிர்வீட்டுத் திண்ணையில் இருக்கும். கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருப்போம். படம் முடிந்து ஜனங்கள் எழுந்து வந்ததும் அப்பா என்னைப் பார்த்து, "பென்சில எடுடா" என்பார்.

அந்த வார்த்தைக்குக் காரணம் இருந்தது. திங்கட்கிழமைக்குள் அட்டையில் புதுப்பெயர் ஏறிவிடும் என்பது அவர் அனுபவம்.

டிவி விளம்பரத்தால் வியாபாரம் கூடுமா என்ற கேள்வியை நான் முதலில் சந்தித்தது இப்படித்தான். பின்னாளில் மதுரையில் ஒரு ஏஜென்சியில் சேர்ந்து, சோப்பும் பிஸ்கட்டும் கடை கடையாகப் போட்டு வயிறு வளர்த்தவன் நான். கம்பெனிக் கூட்டங்களில் பெரிய திரையில் விளம்பரத்தைப் போட்டுக் காட்டுவார்கள். எல்லோரும் சிரிப்பார்கள், கைதட்டுவார்கள். என் மனசு கோவில்பட்டி அட்டைக்குப் போய்விடும். ஜனங்கள் எதைக் கேட்டார்கள் என்பது அதில் இருந்தது. கேட்ட சரக்கு வந்த பிறகு வாங்கினார்களா என்பதை அப்பா தன் தலையிலேயே வைத்திருந்தார். இரண்டும் ஒன்றல்ல என்பதை எனக்குப் பத்து வயதில் சொல்லித் தந்தவர் அவர்.

நிர்மாவை எடுத்துக்கொள்வோம். அகமதாபாத்தில் கர்சன்பாய் படேல் என்பவர் 1969-ல் தொடங்கியது. சைக்கிளில் வீடு வீடாகப் போய் விற்றவர். மகள் நிருபமாவின் பெயரிலிருந்து வந்த பெயர். வெள்ளைப் பாவாடையைச் சுழற்றி ஆடும் அந்தச் சிறுமியின் படம் பாக்கெட்டிலேயே இருக்கும். தேசிய ஒளிபரப்பில் நாங்கள் பார்த்த விளம்பரங்களில் பாதிக்கு மேல் இந்தி. எங்கள் தெருவில் யாருக்கும் இந்தி தெரியாது. சர்ஃப் விளம்பரத்தில் லலிதாஜி வந்து, மலிவாக வாங்குவது வேறு, கணக்காக வாங்குவது வேறு என்று நியாயம் பேசுவார். லிண்டாஸ் நிறுவனத்தின் அலிக் பதம்சீ உருவாக்கியது, நடித்தவர் கவிதா சௌத்ரி. இந்திய விளம்பர வரலாற்றில் அதற்குத் தனி இடம் உண்டு. ஆனால் அந்த நியாயம் பாஷையில்தான் இருந்தது. எதிர்வீட்டுத் திண்ணையில் அது எடுபடவில்லை. கண்டிப்பான ஒரு அம்மா ஏதோ திட்டுகிறார் என்றுதான் நாங்கள் நினைத்தோம். நிர்மா பாட்டுக்குப் பாஷை தேவைப்படவில்லை. பெயரைத் திரும்பத் திரும்பப் பாடினால் போதும் என்று இருந்தது. எங்கள் வகுப்பில் அந்த மெட்டை முணுமுணுக்காத பிள்ளை கிடையாது.

அட்டையில் நிர்மா ஏறியது. கோடு கோடாக ஏறியது. அப்பா விருதுநகர் போய்க் கொள்முதல் செய்துகொண்டு வந்தார். விற்றதா? விற்றது, அமோகமாக. ஆனால் அது பாட்டினால் மட்டும் அல்ல என்பதில் அப்பா உறுதியாக இருந்தார். ஒரு கிலோ சர்ஃப் வாங்கும் காசுக்கு ஏறக்குறைய மூன்று கிலோ நிர்மா வாங்கலாம். கட்டிச் சோப்பைத் தேய்த்துத் தேய்த்துக் கை எரிந்துபோயிருந்த பெண்களுக்கு, பவுடர் என்பது கைக்கு எட்டும் விலையில் வந்தது அதுதான் முதல் தடவை. பாட்டு பெயரைக் கொண்டுவந்தது, விலை ஆளைக் கொண்டுவந்தது. அப்பா இதைச் சொன்னபோது எனக்கு முழுக்கப் புரியவில்லை. பெரியவனாகி வரலாற்றைப் படித்தபோது புரிந்தது. லலிதாஜி எவ்வளவோ நன்றாகப் பேசியும் சர்ஃப் தயாரித்த இந்துஸ்தான் லீவர் கம்பெனி 1987-ல் வீல் என்று ஒரு மலிவு விலைப் பவுடரைக் கொண்டுவர வேண்டியிருந்தது. நாட்டிலேயே பெரிய கம்பெனி, நாட்டிலேயே பேசப்பட்ட விளம்பரம். அந்த விளம்பரத்தால் மட்டும் நிர்மாவைத் தடுக்க முடியவில்லை. இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தேவைப்படவில்லை.

வேடிக்கையாக எடுத்த விளம்பரம் வேறு ரகம். அதில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு ராஜா ஓனிடா பிசாசுதான். தலையில் கொம்பு, பின்னால் வால், நகத்தை நீட்டிக்கொண்டு ஒரு சிரிப்பு. பக்கத்து வீட்டுக்காரன் பொறாமைப்பட வேண்டும், அதற்காக இந்த டிவியை வாங்கு என்று வெளிப்படையாகச் சொல்லும் விளம்பரம். தைப்பொங்கல் லீவில் நாங்கள் வாழைநாரைப் பின்னி வாலாக்கிக் கட்டிக்கொண்டு ஓனிடா விளையாட்டு விளையாடுவோம். யார் பிசாசு என்பதற்கு அடிதடி நடக்கும். அந்த வருஷங்களில் எங்கள் தெருவில் வரிசையாக டிவி வந்தது. ஒன்றுகூட ஓனிடா இல்லை. சாலிடேர் வந்தது, டயனோரா வந்தது. இரண்டும் மெட்ராஸ் தயாரிப்பு. பஜாரில் டிவிக் கடைக்காரர் தவணைக்குக் கொடுத்தது அவற்றைத்தான். படம் ஓடாவிட்டால் வந்து பார்க்க ஆளும் அவற்றுக்குத்தான் இருந்தது. பிசாசு எங்கள் தெருவுக்குள் வந்து, எல்லோரையும் சிரிக்கவைத்துவிட்டு, தன் டிவியை விற்காமலே போய்விட்டது.

ஒரு தெருவை வைத்து நாட்டை அளக்கக் கூடாது. அந்தப் பிசாசுதான் ஓனிடாவை இந்தியா முழுக்கத் தெரிந்த பெயராக்கியது, வடக்கே பெரிய நகரங்களில் அது கௌரவச் சின்னமாக இருந்தது. இருந்தாலும் பின்னால் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தொண்ணூறுகளில் எல்ஜி, சாம்சங் என்று கொரியக் கம்பெனிகள் வந்தன. ஓனிடா பின்தங்கியது. ஒதுக்கிவைத்த பிசாசை மறுபடி கூட்டிவந்தும் பழைய இடம் கிடைக்கவில்லை. விளம்பரம் ஞாபகத்தில் இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது. டிவிதான் வீட்டில் இல்லை.

இனிச் சொல்லப்போவது ஒரு மிட்டாய்க் கம்பெனியின் கதை. பெயர் வேண்டாம். ஏற்கெனவே ஊரெல்லாம் தெரிந்த கம்பெனிதான், புதிதாக ஒரு புளிப்பு மிட்டாய் கொண்டுவந்தார்கள். விளம்பரத்தில் ஒரு ஆள் மிட்டாயை வாயில் போட்டதும் முகம் கோணும், கண் ஒன்று மூடும், காது ஆடும். அவ்வளவுதான் கதை. அது ஓடிய வாரத்தில் எங்கள் வாத்தியார் கேள்வி கேட்டபோதுகூடப் பின்பெஞ்சில் ஒருவன் காதை ஆட்டிக்காட்டி அடி வாங்கினான். அட்டையில் அந்த மிட்டாய்க்கு நேராகக் கோடு போட இடம் பத்தவில்லை. ஏஜென்சிக்காரர் ரெக்சின் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார்.

"அண்ணாச்சி, டிவியில என்னமா ஓடுது பாத்தீயளா? ரெண்டு ஜார் போட்டுட்டுப் போறேன். ஸ்கீம் உண்டு, ஒரு ஜாருக்கு ஒரு டம்ளர்."

"ஒரு ஜார் போதும்யா. டிவியில ஓடுறது ஒம்ம பாடு. கடையில ஓடணும்ல."

"பிள்ளைக எல்லாம் இதேதான் பேசுது அண்ணாச்சி."

"பேசும். பேசுறதுக்குத் துட்டு வேண்டாம்ல."

ஜார் கல்லாவுக்குப் பக்கத்தில், எங்கள் கண் உயரத்தில் உட்கார்ந்தது. கண்ணாடிப் பாட்டில், சிவப்பு மூடி. முதல் நாள் எல்லாப் பிள்ளைகளும் ஆளுக்கு ஒன்று வாங்கினார்கள். வாயில் போட்டு ஒருவரை ஒருவர் பார்த்து முகத்தைக் கோணினோம். இரண்டாம் நாளும் கோணினோம், ஆனால் மிட்டாய் இல்லாமலே. அதற்கு மிட்டாய் தேவையே இல்லை என்று கண்டுபிடித்துவிட்டோம். ஒரு வாரம் போனதும் பழையபடி கடலை மிட்டாய்க்கும் தேன் மிட்டாய்க்கும் கை நீண்டது. கோவில்பட்டியில் பிறந்த பிள்ளைக்கு வேறெது ருசிக்கும்? சித்திரை வெயிலில் ஜாருக்குள் மிட்டாய் இளகி, காகிதத்தோடு ஒட்டி, கடைசியில் ஒரே கட்டியாகிவிட்டது. கம்பியால் குத்தி எடுத்துப் பார்த்தோம், ஆகவில்லை. ஏஜென்சிக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார். அந்த ஜாரைக் கழுவி அம்மா புளி போட்டு வைத்துக்கொண்டாள்.

அந்த விளம்பரத்தை இன்றைக்கும் என் வயதுக்காரர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். "அது என்ன மிட்டாய்லே?" என்று கேட்டால் இரண்டு பேர் இரண்டு கம்பெனி பெயரைச் சொல்வார்கள். வேடிக்கை பெரிதாகிப் பெயரை விழுங்கிவிட்டது. விளம்பரத் தொழிலில் இருக்கிறவர்கள் இந்த ஆபத்தை நன்றாக அறிவார்கள். அறிந்தும் அதே குழியில் திரும்பத் திரும்ப விழுகிறார்கள் என்பதுதான் என் ஆதங்கம்.

அப்படியானால் எந்த வேடிக்கை விற்கும்? இதற்கு எனக்கு விடை சொன்னவர் எங்கள் கடைக்கு அலமாரி அடிக்க வந்த ஆசாரி. அதுவரை ஆசாரிமார் மரத்தை ஒட்ட வச்சிரம்தான் பயன்படுத்துவார்கள். மாட்டுத் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. கட்டியை உடைத்துத் தண்ணீரில் போட்டு, அடுப்பில் காய்ச்ச வேண்டும். நாற்றம் தெரு முனை வரை போகும். சூடு ஆறுவதற்குள் ஒட்டியாக வேண்டும், ஆறினால் மறுபடி அடுப்பு. எங்கள் அலமாரிக்கு ஆசாரி வச்சிரம் காய்ச்சவில்லை. வெள்ளையும் நீலமுமான ஒரு டப்பாவைத் திறந்தார், உள்ளே தயிர் மாதிரி வெள்ளைப் பசை. விரலால் வழித்துத் தடவி, பலகையை அழுத்தி, சணலால் இறுக்கிக் கட்டி, "காலைல வந்து பாருங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் அப்பா அதன்மேல் ஏறி நின்று பார்த்தார். அசையவில்லை. டப்பாவில் இரண்டு யானைகள் ஒரு உருண்டையை இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டு நிற்கும் படம் இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆசாரி வீட்டில் டிவி கிடையாது. விளம்பரம் பார்த்து அவர் ஃபெவிகால் வாங்கவில்லை. 1959-ல் தொடங்கிய பிடிலைட் கம்பெனி, கடைக்காரர்களை நம்பி நிற்காமல் நேரே ஆசாரிமாரிடமே போய்ப் பசையைக் காட்டியது. வச்சிரம் காய்ச்சும் தொல்லை தீர்ந்தால் அவர்கள் விடமாட்டார்கள் என்று கம்பெனிக்குத் தெரிந்திருந்தது. டிவி வேடிக்கையெல்லாம் அதற்கு வெகுகாலம் கழித்து வந்தது. ஃபெவிகால் டப்பாவில் தீனி தின்ற கோழி இடும் முட்டை, சமையல்காரர் எப்படி அடித்தும் உடையாது. அதுபோல எத்தனையோ விளம்பரங்களை ஓகில்வி நிறுவனமும் பியூஷ் பாண்டேயும் எடுத்தார்கள். நான் அந்த முட்டை விளம்பரத்தை முதலில் பார்த்தது கல்லூரி விடுதியில். சிரித்துக்கொண்டே ஆசாரியின் டப்பாவை நினைத்தேன். அந்த விளம்பரத்தைச் சொல்லிச் சிரிக்க வேண்டுமென்றால் ஃபெவிகால் பெயரைச் சொல்லித்தான் ஆக வேண்டும். முட்டை ஏன் உடையவில்லை என்று கேட்டால் அதற்குப் பதில் சரக்கின் பெயர். காது ஆட்டுகிற மிட்டாய்க்காரரிடம் இது இல்லை.

எங்கள் பக்கத்து உதாரணம் இதயம் நல்லெண்ணெய். அது வேடிக்கை விளம்பரம் அல்ல, ஆனால் அது செய்த காரியம் எந்த வேடிக்கையும் செய்யாதது. நடிகை சித்ரா அதில் வந்தார். தகர டின்னிலிருந்து ஊற்றிக்கொண்டிருந்த எண்ணெய்க்கு ஒரு முகம் கிடைத்தது. எங்கள் அட்டையில் "சித்ரா எண்ணெய்" என்றுகூட நான் எழுதியிருக்கிறேன், கேட்டவர்கள் அப்படித்தான் கேட்டார்கள். விருதுநகர்க் கம்பெனி என்பதால் அப்பாவுக்குச் சரக்கு கிடைப்பதில் தாமதமே இல்லை. இன்று கேட்டால் நாளை வந்துவிடும். செக்கெண்ணெய் வாங்கிய ஆச்சிமார் கடைசி வரை மாறவில்லை. புதிதாகக் குடித்தனம் வந்த பெண்கள் பாக்கெட்டுக்குப் போனார்கள். டிவி பார்த்துப் பழக்கத்தை மாற்றியவர்கள் குறைவு, பழக்கமே இன்னும் உண்டாகாதவர்கள்தான் அதைக் கேட்டு வாங்கினார்கள்.

இதையே வெகுகாலம் கழித்து ஓர் ஆராய்ச்சியில் படித்தபோது அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. அமெரிக்காவில் கேபிள் இணைப்புள்ள வீடுகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு விளம்பரத்தைக் கூடுதலாகக் காட்டி, அந்த வீடுகள் கடையில் என்ன வாங்கின என்று பதிவு செய்தார்கள். அப்படி நடந்த 389 சோதனைகளை ஒன்றாக வைத்து லியோனார்ட் லோடிஷும் அவர் குழுவினரும் 1995-ல் வெளியிட்டார்கள். ஏற்கெனவே நிலைத்துவிட்ட பொருள்களுக்கு விளம்பரத்தை வெறுமனே அதிகப்படுத்தினால் பெரும்பாலும் விற்பனை கூடவில்லை. புதுப் பொருள்களுக்குப் பலன் அதிகம். பழைய பொருளுக்கும் சொல்கிற சேதி மாறினால் பலன் உண்டு.

அட்டையில் ஒருநாளும் ஏறாமல் மலைபோல் விற்ற சரக்கு ஒன்று உண்டு. சிக் ஷாம்பு. கடலூரில் சின்னி கிருஷ்ணன் பாக்கெட்டில் அடைத்து விற்கலாம் என்ற யோசனைக்கு வழி காட்டினார். அவர் மகன் ரங்கநாதன் 1983-ல் சிக் தொடங்கினார். எந்தக் கம்பெனியின் காலி ஷாம்பு பாக்கெட்டாக இருந்தாலும் ஐந்து கொண்டுவந்தால் ஒரு சிக் இலவசம் என்றார்கள். பிள்ளைகள் நாங்கள் குளத்தங்கரை, கிணற்றடி, பம்புசெட் என்று அலைந்து காலிப் பாக்கெட் பொறுக்கினோம். தண்ணீரில் ஊறிக் கிடந்ததை வேட்டியில் துடைத்து அடுக்கித் தருவார்கள் சில தாத்தாக்கள். பிறகு சிக் பாக்கெட் மட்டும்தான் எடுப்போம் என்று மாற்றினார்கள், அதற்குள் ஊருக்கே சிக் வாசனை பழகிவிட்டது. சனிக்கிழமை தீப்பெட்டி ஆபீசில் சம்பளம் போடுவார்கள். மருந்து படிந்த விரல்களோடு வரும் அக்காமார் வாசலில் தொங்கும் சரத்தைப் பார்த்து, "ரெண்டு கிழிச்சுக் குடுங்க அண்ணாச்சி" என்பார்கள். அவர்களில் பலருக்கு டிவி பார்க்க நேரம் ஏது? முழுப் பாட்டில் ஷாம்பு வாங்க முடியாதவர்களின் கையில் சின்னப் பாக்கெட்டை வைத்தவர், அவர்களைத் தன்னுடையவர்களாக்கிக்கொண்டார்.

டிவி விளம்பரம் உண்மையிலேயே அசைத்தது யாரை என்று கேட்டால், முதலில் கடைக்காரரைத்தான் என்பேன். "டிவியில வருது" என்ற ஒரு சொல்லை வைத்துத்தான் ஏஜென்சிக்காரர்கள் சரக்கு இறக்கினார்கள். நானும் மதுரையில் அதே சொல்லைச் சொல்லித்தான் இறக்கினேன். சரக்கு கண்ணெதிரே தொங்கினால் கொஞ்சமாவது போகும். அந்த வகையில் விளம்பரம் வியாபாரத்தைக் கூட்டும், சந்தேகமில்லை. ஆனால் நன்றாகத் தெரிந்த பெயருக்காகக் கோடி கோடியாகக் கொட்டி எடுக்கும் வேடிக்கை, புது ஆட்களை இழுத்துவந்ததை நான் அதிகம் பார்த்ததில்லை. வாங்குகிறவர்கள் மறந்துவிடாமல் பார்த்துக்கொள்ளும். அதற்குமேல் எதிர்பார்க்கிறவர்கள் காசை வீணாக்குகிறார்கள்.

இப்போது சின்ன ஊர்களில் மசாலாவும் ஊறுகாயும் சத்துமாவும் செய்து விற்கும் பெண்கள் என்னிடம் வந்து, வேடிக்கையாக ஒரு வீடியோ எடுத்துப் போட்டால் விற்குமா என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வதையே விளம்பரம் எடுக்கும் பெரிய கம்பெனிகளுக்கும் சொல்கிறேன். முதலில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஏதாவது ஒரு பலசரக்குக் கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்காருங்கள். யார் பெயர் சொல்லிக் கேட்கிறார்கள், யார் விரலை நீட்டி அதைக் கொடு என்கிறார்கள், யார் விலையைக் கேட்டுவிட்டுத் திருப்பி வைக்கிறார்கள் என்று கடை அடைக்கிற வரை பாருங்கள். கதை எழுதுவதை அதற்கு மறுநாள் வைத்துக்கொள்ளுங்கள்.